காய்ஞ்சா போதுமா? பிடிக்க வேண்டாமா? கரிசல் வெயிலில் பெயிண்ட் அடித்தால் சுவரும் உரியும், ஆளும் விழுவார்!

கோவில்பட்டி:

வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊர் கோவில்பட்டி.

தீக்குச்சி காய வெயில் வேண்டும். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் களத்தில் கொட்டிய மிளகாய் வத்தலாகச் சிவக்க வெயில் வேண்டும். வானம் வறண்டு கிடந்ததால்தான் இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிலே வேர் பிடித்தது. ஆகவே வெயிலைக் கண்டு இந்த ஊர்க்காரர்கள் பயப்படுவதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் வீட்டு வெளிச்சுவருக்கும் கோடையில் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

“வெயில் நல்லா அடிக்குது. சீக்கிரம் காயும்லா!” என்று ஒரு சமாதானம்.

அங்கேதான் ஏமாந்து போகிறார்கள். வத்தல் காய்வது வேறு. பெயிண்ட் காய்வது வேறு.

சித்திரையில் அடித்த பெயிண்ட் ஐப்பசி மழையில் அப்பளம் அப்பளமாக எழும்புகிறது. மறு சித்திரைக்குள் உரிந்து தொங்குகிறது. போட்ட காசு போச்சு.

காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். உச்சி வெயிலில் சாரத்தில் நின்ற ஆள் மயங்கி விழுந்தால்?

ஏன் கோடையில்?

பழைய காலத்தில் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது பொங்கலுக்குத்தான். மழை நின்று, சுவர் ஈரம் வாங்கி, வெயில் இளசாக இருக்கும் நேரம் அது.

இப்போது அப்படி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மே மாத விடுமுறையில்தான் வெள்ளை அடிக்க முடியும். வைகாசியில் கல்யாணம் என்றால் சித்திரையில் வீடு பளிச்சென்று ஆக வேண்டும். ஊர் அம்மன் கோவிலில் கொடை என்றால் அதற்கு முன்னால் மதிலுக்கு வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து லீவில் வருகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள்.

எல்லா வேலையும் பங்குனி, சித்திரை, வைகாசியில் வந்து குவிகிறது. அதாவது வருஷத்தில் சுவர் மிகவும் சூடாக இருக்கிற 3 மாதத்தில்!

மே 4-ந் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அது முடிய 28-ந் தேதி வாக்கில் ஆகும். அப்போது கரிசல் காட்டில் வெயில் 100 டிகிரியைத் தாண்டுவது புதிது அல்ல. செல்சியஸ் கணக்கில் 38.

அது காற்றின் சூடு மட்டும். நேர் வெயில் விழுகிற சுவரின் கதையே வேறு. பிற்பகல் 3 மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சுவர் 50 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கும். கறுப்பு, கரும்பச்சை, அடர்சிவப்பு என்று ஆழ்ந்த வர்ணம் அடித்த சுவராக இருந்தால் இன்னும் ஏறும்.

அந்தச் சுவரில்தான் பிரஷ் ஓடுகிறது!

காய்வதும் பிடிப்பதும்

இப்போது வெளிச்சுவருக்குப் பெரும்பாலும் அடிப்பது எமல்ஷன் பெயிண்ட். டப்பாவைத் திறந்தால் பால் மாதிரி, தயிர் மாதிரி இருக்கும்.

அதற்குள் என்ன இருக்கிறது?

தண்ணீர் இருக்கிறது. வர்ணப் பொடி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடிப் பிசின் உருண்டைகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அந்தப் பிசின்தான் பெயிண்டின் உயிர்.

சுவரில் தடவியதும் தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும். போகப் போக உருண்டைகள் நெருங்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டும். கடைசியில் ஒரே தோலாக மாறிச் சுவரைக் கவ்விக்கொள்ளும். இதற்குப் பெயர்தான் பிடிப்பது.

கொதிக்கிற சுவரில் என்ன ஆகிறது?

தண்ணீரைப் பாதி வெயில் குடிக்கிறது. மீதியைத் தாகம் எடுத்த சுவர் உறிஞ்சுகிறது. உருண்டைகள் சேருவதற்குள் தண்ணீர் காலி. தோல் உருவாவதில்லை. மேலே காய்ந்த பொடிதான் மிஞ்சுகிறது.

பார்வைக்கு நன்றாக இருக்கும். சொந்தக்காரர் திருப்தியாகப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். 6 மாதம் கழித்துச் சுவரில் சாய்ந்தவர் சட்டையில் வெள்ளையாக ஒட்டும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு கோளாறும் உண்டு. மேல் தோல் மட்டும் சட்டென்று இறுகிவிடும். அடியில் கொஞ்சம் ஈரம் மாட்டிக்கொள்ளும். சுவர் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லை. தோலைத் தூக்கிக்கொண்டு கொப்புளமாக எழும்பும்.

மூன்றாவது கோளாறு, பட்டை விழுவது. ஒரு பக்கம் அடித்துவிட்டு அடுத்த பக்கம் வருவதற்குள் முதல் பக்கத்து ஓரம் காய்ந்துவிடும். அதன் மேல் மறுபடி பிரஷ் பட்டால் அந்த இடம் மட்டும் தடிப்பாகத் தெரியும். வெயிலில் அடித்த சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தாலே இது காட்டிக் கொடுத்துவிடும்.

பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே இறுகிக்கொண்டு வரும்போது என்ன செய்கிறார்கள்? ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கலக்குகிறார்கள். பிரஷ் ஓடும். ஆனால் பெயிண்ட் நீர்த்துப் போகும். அளவுக்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் பெயிண்டின் ஆயுளில் ஒரு பங்கைக் கழுவிக் கொண்டு போகிறது.

உள்ளங்கை சொல்லும்

எவ்வளவு சூட்டில் அடிக்கலாம்? வெளிச்சுவர் பெயிண்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, சுவரின் சூடு 35 டிகிரி செல்சியசை ஒட்டி. நேர் வெயிலில் அடிக்காதே என்று டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டும் இருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

அளக்கக் கருவி வேண்டாம். மனிதனின் உள்ளங்கைச் சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். சுவரில் உள்ளங்கையை வையுங்கள். குளுமையாகவோ சாதாரணமாகவோ இருந்தால் அடிக்கலாம். சுடுகிறது என்று தெரிந்தால் பிரஷைக் கீழே வைக்க வேண்டியதுதான். செலவு இல்லாத சோதனை!

நிழலை விரட்டு

வெயிலை மாற்ற முடியாது. வேலை செய்கிற சுவரை மாற்றலாம்.

அனுபவப்பட்ட பெயிண்டர்களுக்கு இது பாடம். வெயில் ஒரு பக்கம் போனால் அவர்கள் மறுபக்கம் போவார்கள்.

காலையில் மேற்குச் சுவர். ராத்திரி முழுதும் ஆறி இருக்கும். உச்சிப் பொழுது வரை அதில் வெயில் விழாது. 6 மணிக்கு ஆரம்பித்து 10, பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் அந்தச் சுவருக்கு வந்து சேர 2 மணி நேரம் முன்னாலேயே வேலை நின்றால்தான் பெயிண்ட் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

சாயங்காலம் 4 மணிக்கு மேல் கிழக்குச் சுவர். மத்தியானத்தில் இருந்தே நிழலில் கிடந்து ஓரளவு ஆறி இருக்கும். அப்போதும் உள்ளங்கைச் சோதனை அவசியம்.

தெற்கும் வடக்கும்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். “வடக்குச் சுவர்ல வெயிலே விழாது, மத்தியானம் அதை வச்சுக்கிடலாம்” என்று நினைக்கிறார்கள். தை மாதத்தில் அது சரி. மே மாதத்தில் அது தப்பு!

கோவில்பட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆகஸ்டு கடைசியில்தான் திரும்பத் தலைக்கு மேல் வரும். ஆகவே மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சுவருக்குத்தான் வெயில். தெற்குச் சுவர் நாள் முழுதும் நிழல்.

கோடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். மேற்குச் சுவர் முடிந்த கையோடு தெற்குச் சுவருக்குப் போகலாம். வடக்குச் சுவரை மேகமூட்டமான ஒரு நாளுக்கு ஒதுக்கி வைக்கலாம். அல்லது சாரத்தில் பச்சை வலையோ சாக்குப் படுதாவோ கட்டி நிழல் உண்டாக்கிக் கொள்ளலாம்.

கரிசல் மண்ணின் சேட்டை

பெயிண்ட் உரிவதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. காலுக்கு அடியில் இருக்கிற மண்ணும் காரணம்.

கரிசல் மண் உயிருள்ள மாதிரி. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கும். பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் காட்டில் நடந்தால் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு இருக்கும்.

இந்த மண்ணையும் இங்குள்ள சொற்ப மழையையும் வைத்து எப்படி விவசாயம் செய்வது என்று ஆராயவே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 100 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

மண் உப்பினால் அஸ்திவாரம் தூக்கும். சுருங்கினால் இறங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அதிகம் மாறாது. ஓரங்களில்தான் ஏற்ற இறக்கம். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பு இந்த ஊர் வீடுகளில் சகஜமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கோடையில் பட்டி பார்த்து, வெடிப்பை அடைத்து, மேலே பெயிண்ட் அடிக்கிறார்கள். அது மண் சுருங்கிக் கிடக்கிற நேரம். ஐப்பசி மழையில் மண் உப்பியதும் சுவர் அசைகிறது. அடைத்தது பிதுங்குகிறது. அல்லது பக்கத்தில் புது வெடிப்பு ஓடுகிறது. அதன் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகிறது.

மயிரிழை வெடிப்புக்குச் சாதாரணப் பட்டி போதும். விரல் நகம் நுழைகிற வெடிப்புக்கு, இழுத்தால் கொடுக்கிற வகைப் பூச்சு வேண்டும். வெடிப்பை ‘வி’ வடிவில் வாயகலமாகச் செதுக்கி, தூசியைத் துடைத்து, பிறகு அடைக்க வேண்டும்.

சுவரை ஒட்டி மழைத் தண்ணீர் தேங்காமல் சரிவாக ஒரு சிமெண்டுப் பட்டை போடுவது எந்தப் பெயிண்டை விடவும் நல்லது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அடியில் குமிழ் மாதிரி அகன்ற பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இப்படிப்பட்ட மண்ணுக்காகவே உருவாக்கிப் பரப்பியது.

உப்புத் தண்ணீர்

அடுத்த வில்லன் தண்ணீர்.

கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியில் இருந்து தாமிரபரணித் தண்ணீராக வருகிறது. அதைக் கட்டிட வேலைக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? போர் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். கரிசல் பூமியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு.

அந்தத் தண்ணீரில் சுவரைக் கழுவி, அதிலேயே பெயிண்டையும் கலந்தால் உப்பு சுவருக்குள் போய் உட்காரும். வெயிலில் ஈரம் வெளியே வரும்போது உப்பும் கூடவே வரும். வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மேலே இருக்கிற பெயிண்டைத் தள்ளிவிடும்.

சுவர் கழுவ முடியாவிட்டாலும், பெயிண்டில் கலக்கவாவது நல்ல தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்க வேண்டும். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்து, கூட்டி எடுத்துவிட வேண்டும்.

புதுச் சுவருக்கு இன்னொரு விதி. சிமெண்டுப் பூச்சு முடிந்ததும் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு 28 நாள் பொறுக்க வேண்டும். பச்சைச் சிமெண்டில் இருக்கிற காரம் பெயிண்டை அரித்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு 10-ம் நாளே பெயிண்ட் அடிப்பவர்கள் அடுத்த வருஷமே திரும்பப் பெயிண்டரைத் தேடுகிறார்கள்.

தாத்தா அடித்த சுண்ணாம்பு

“அந்தக் காலத்துச் சுண்ணாம்பு நின்னுச்சே, எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு.

நின்றது. அதற்குக் காரணம் பக்குவம்.

கரிசல் காட்டில் கிடைக்கிற சுக்கான் கல்லையோ, தூத்துக்குடிக் கடற்கரைச் சிப்பியையோ காளவாசலில் சுடுவார்கள். தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூக்கும். நன்றாக ஊற வைத்து, துணியில் வடிகட்டி, கஞ்சியோ பசையோ சேர்த்து, கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பார்கள்.

சுண்ணாம்பும் வெறுமனே காய்வதில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாக மாறுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் கட்டாயம். ஈரம் இல்லாமல் வெயிலில் முறுகினால் வெறும் பொடிதான்.

இது தெரிந்துதான் பெரியவர்கள் மட்டையை எடுப்பதற்கு முன்னால் சுவரில் தண்ணீர் தெளித்தார்கள். கெட்டியாக ஒரே தடவை அப்பாமல், தண்ணியாக மூன்று தடவை அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொங்கலுக்கு முன் அடித்தார்கள்.

சிமெண்ட் பெயிண்டுக்கும் இதே கதைதான். முன்னால் சுவரை நனைக்க வேண்டும். மறுநாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லி இரண்டையும் விட்டுவிட்டால் கையில் மாவு மாதிரி வரும்.

எந்த மாதம் நல்லது?

கரிசல் பூமிக்கு ஒரு கணக்கு போட்டால் இப்படி வரும்.

தை, மாசி: முதல் தரம். மழை முடிந்திருக்கும். வெயில் ஏறி இருக்காது. ஒரே ஜாக்கிரதை, பனி. காலையில் சுவரில் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசி: முடிந்தால் தவிர்க்கவும். முடியாவிட்டால் நிழல் கணக்குப்படி மட்டும்.

ஆனி, ஆடி: செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற மாதம். காட்டுப் புழுதி அத்தனையும் ஈரப் பெயிண்டில் ஒட்டும்.

ஆவணி, புரட்டாசி: காற்று அடங்கியதும் அடிக்கலாம். மழைக்கு முன்னால் வெடிப்பை அடைக்க இதுவே கடைசி வாய்ப்பு.

ஐப்பசி, கார்த்திகை: பிரஷைக் கழுவிப் பரண்மேல் வைக்க வேண்டியதுதான். இந்தப் பக்கத்து மழையில் பெரும்பங்கு அப்போதுதான்.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு பூசுகிறவர்களும் மாசியிலேயே முடித்துவிட வேண்டும். அது கோடைக்காகப் பூசுவது. கோடை வந்த பிறகு பூசினால் பாதி பலன் போய்விடும். குஜராத்தில் ஆமதாபாத் நகரம் 2010 மே வெப்பத்தில் அந்த ஒரே மாதத்தில் 1,300 பேருக்கு மேல் கூடுதலாகப் பறிகொடுத்தது. அதன் பிறகு 2013-ல் அங்கே வெப்பத் தடுப்புத் திட்டம் வந்தது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பின்னர் அதில் சேர்ந்தது.

சாரத்தில் நிற்கிற மனிதன்

சுவர் உரிந்தால் திரும்ப அடிக்கலாம். ஆள் விழுந்தால்?

பெயிண்டருக்கு இரட்டை வெயில். முதுகில் ஒன்று. எதிரே சுவரில் இருந்து திரும்பி அடிப்பது இன்னொன்று. வெள்ளைச் சுவர் என்றால் கண்ணும் கூசும். கீழே நிற்கிறவருக்குத் தலை சுற்றினால் உட்கார்ந்து கொள்வார். 20 அடி உயரத்தில், சவுக்குக் கம்பில் ஒரு கால், ஏணியில் ஒரு கால் வைத்து நிற்கிறவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

வியர்வை நிற்பது, பேச்சு குழறுவது, தடுமாறுவது இவை ஆபத்தின் அறிகுறிகள். உடம்பு 104 டிகிரிக்கு மேல் கொதித்தால் உயிருக்கே மோசம். உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நினைவோடு வேலை செய்கிறவர்களுக்கு மோர், நீராகாரம், கம்மங்கூழ், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி போக வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம்.

இன்னொரு எமன் தலைக்கு மேலே தொங்குகிற மின்கம்பி. அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்தும்போதும், நீளக் கம்பில் ரோலர் கட்டி ஓட்டும்போதும் கம்பியில் பட்டால் முடிந்தது கதை. தெருவை ஒட்டிய சுவர் என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏணி ஏற வேண்டும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது முகத்தில் துணி கட்டுவதும் அவசியம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் போடப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஜன்னல் கம்பி, கதவுப் பெயிண்டின் தூசியில் ஈயம் இருக்கலாம்.

சதுர அடிக் கணக்கு

இவ்வளவு தெரிந்தும் உச்சி வெயிலில் ஏன் அடிக்கிறார்கள்?

கணக்குதான் காரணம்.

பெரும்பாலான வேலை சதுர அடிக் கணக்கில் போகிறது. எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு லாபம். மத்தியானம் 5 மணி நேரம் உட்கார்ந்தால் சாரத்து வாடகை ஓடும். அடுத்த வேலை கை நழுவும்.

கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் வந்து சேரவே 9 மணி. 5 மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். அடிக்கக் கூடாத நேரம் அத்தனையும் அவர்கள் வேலை நேரமாகி விடுகிறது.

வீட்டுக்காரரும் சும்மா இருப்பதில்லை.

“என்னப்பா, உக்காந்துட்டீங்க? கல்யாணத்துக்கு 10 நாள்தான் இருக்கு!”

“இந்தா முடிச்சிருதோம் அண்ணாச்சி!”

இந்த இரண்டு வரிப் பேச்சில்தான் சுவரும் கெடுகிறது, ஆளும் கெடுகிறார். மழைக்குப் பிறகு பெயிண்ட் உரிந்ததும் வீட்டுக்காரர் பெயிண்டரைத் திட்டுவார். பெயிண்டர் கடைக்காரரைக் கை காட்டுவார். கடைக்காரர் டப்பாவின் பொடி எழுத்தைக் காட்டுவார். மூன்று பேரும் வெயிலை மறந்துவிடுவார்கள்!

சட்டம் எங்கே?

வளைகுடா நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-ல் இருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை மூன்றரை வரை தடை.

பக்கத்துக் கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. மத்தியானம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை கிடையாது. 2025-ல் பிப்ரவரியிலேயே அந்த உத்தரவு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தது உறுதியானால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம்தான். ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம். சாகாமல் இருக்க வேண்டியது மத்தியானம் 4 மணி நேரம் நிழல்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. பெயிண்டர்களும் அதில் சேரலாம். 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்து கொள்ளலாம். விபத்து, சாவு, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர் குடும்பம் நிவாரணத்துக்கு அலைய வேண்டி வரும். மட்டையைக் கையில் எடுக்கிறவர் அட்டையையும் கையில் வைத்திருப்பது நல்லது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

பேசும்போதே நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். காலை 6 முதல் பத்தரை. மாலை 4 முதல் ஆறரை. கூட்டிப் பார்த்தால் 7 மணி நேரம். அதற்கு முழு நாள் சம்பளம். சதுர அடிக் கணக்கு என்றால் கோடைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். இரண்டு வருஷத்தில் திரும்ப அடிக்கிற செலவை விட அது குறைவுதான்.

தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு மத்தியானம் தலை சாய்க்கத் திண்ணையோ கார் ஷெட்டோ கொடுத்தால் போதும். ஒரு பானைத் தண்ணீர், ஒரு செம்பு மோர். வீடு அழகாக வேண்டும் என்று வந்தவர்களுக்கு வீட்டு நிழலில் இடம் இல்லாமல் போகக் கூடாது.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துச் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் வெயில் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் நிழல் ஜெயித்தது.

கோவில்பட்டிக்கு வர்ணம் புதிது அல்ல. நாடு முழுதும் வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர் சாமி படங்களை வரைந்த ஓவியர் கொண்டையராஜு 1976-ல் காலமாகும் வரை வாழ்ந்த ஊர் இது. அவர் படங்களில் வர்ணம் இன்னும் மங்கவில்லை என்று வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தப் படங்கள் நிழலில் மாட்டி இருந்தவை.

சுவரை நிழலில் மாட்ட முடியாது. அடிக்கிற நேரத்தையாவது நிழலுக்கு மாற்றலாமே!